பூட்டாத கொக்கி

"மாமா, டவர்ல ஏறுற பெல்ட்டையே கடல்லயும் மாட்டிக்கிடலாம்னு நினைச்சேன். தப்பாப் போச்சு."

அக்கா மகன் இப்படிச் சொன்னது போன சாரல் சீசனில், எங்கள் தென்காசி வீட்டுத் திண்ணையில். அவனுக்குச் சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற வேலை. உடம்பு முழுக்கப் பட்டை போட்ட சேஃப்டி பெல்ட் அவனுக்குச் சட்டை மாதிரி. தூத்துக்குடியில் ஒரு சிநேகிதன் பழைய விண்ட்சர்ஃபிங் பலகையும் பாயும் வாங்கி வைத்திருக்கிறான். லீவு கிடைத்தால் இவன் பைக்கை எடுத்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் சொச்சம் ஓட்டிப் போய்விடுவான். அக்காவுக்கு இந்த விஷயம் தெரியாது.

முதல் தடவை நடந்தது இது. பாயைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் நன்றாகத்தான் போயிருக்கிறான். அப்புறம் முன்கை மரத்து, விரல் மூடவில்லை. ஆடி மாசத்துக் காற்று தூத்துக்குடியில் கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். கை ஓய்ந்தவனை அது வீட்டுக்குக் கொண்டு வராது, உள்ளேதான் தள்ளிக்கொண்டு போகும். நல்லவேளை, ஒரு வள்ளத்துக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார்.

ரெண்டாம் தடவை, கைக்கு ஓய்வு வேண்டும் என்று டவர் பெல்ட்டை மாட்டி, பாயின் பூமில் ஒரு கயிறு கட்டி, மரை போட்ட காரபினரால் பெல்ட்டோடு பூட்டிக்கொண்டான். ஒரு வீச்சுக் காற்றில் விழுந்தான். பாய் மேலே கவிழ்ந்தது. தண்ணீருக்குள் நனைந்த விரலால் மரையைத் திருகிக் கழற்ற எத்தனை வினாடி ஆனதென்று அவனால் சொல்ல முடியவில்லை. "ரொம்ப நேரம் மாமா" என்று மட்டும் சொன்னான்.

அதனால்தான் அந்தக் கேள்வியோடு வந்தான்: "இதுக்குன்னு விக்கிற ஹார்னஸ்ல என்ன வித்தியாசம்? எதை வாங்கணும்?" நான் கடலில் கால் நனைத்ததோடு சரி. ஆனால் பழைய படகுகளைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்து வைக்கிற வழக்கம் உண்டு. அந்தக் குறிப்புகளைப் புரட்டியபோது, அவன் கேட்டதற்கான பதில் சரித்திரத்திலேயே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்ம ஊர்க் காற்று

தென்காசிக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் நுழைகிறவனை எதிர்க்காற்று நிறுத்திவிட்டுத்தான் உள்ளே விடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று சில இடங்களில் கணவாய் திறந்து கிடக்கிறது. ஜூன் மாசம் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டும்போது, இந்த இடைவெளிகளில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, நமக்குச் சாரலையும் காற்றையும் அனுப்பிவிட்டு, சமவெளியைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்குகிறது. குற்றாலத்தில் நம் தலையைத் துவட்டுகிற காற்றும் தூத்துக்குடிக் கடலில் மருமகனை இழுத்துப்போன காற்றும் ஒரே காற்றுதான். இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் வந்ததற்கும் இதுவே காரணம். அப்போது ஒரு காற்றாலையின் திறன் வெறும் 55 கிலோவாட்.

இந்தக் காற்று ஒரு மனுஷன் கையில் எவ்வளவு கனக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று, 5 சதுர மீட்டர் பாய் என்றால் ஏறத்தாழ 5 கிலோ இழுப்பு. காற்று 30 கிலோமீட்டர் ஆனால் இழுப்பு 10 கிலோ ஆகாது, 20 கிலோ ஆகும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. இருபது கிலோ அரிசி மூட்டையை ஒரு தடவை தூக்குவது பெரிய காரியமில்லை. நீட்டிய கையில் அரைமணி நேரம் வைத்திருக்கச் சொன்னால் யாரால் முடியும்? மருமகனின் விரல் மூடாமல் போனது பலவீனத்தால் அல்ல. தப்பான இடத்தில் பாரத்தைச் சுமந்ததால்.

ஆகவே கேள்வி இதுதான்: காற்றின் பாரம் உடம்புக்குள் எந்த இடத்தில் இறங்க வேண்டும்?

பட்டைக்கு முன்னால் பலகை

பாய் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழசு. காற்று பாயைச் சாய்க்கும்போது, படகு கவிழாமல் இருக்க யாராவது எதிர்ப்பக்கம் பாரம் ஆக வேண்டும். இலங்கையின் 'ஒரு' என்ற படகைப் பாருங்கள். குறுகலான தோணி, பக்கவாட்டில் இரண்டு வளைந்த கழிகளின் முனையில் ஒரு மிதவைக் கட்டை. அந்தக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கம்தான் இருக்க வேண்டும் என்பதால், திசை மாற்றும்போது படகைத் திருப்ப மாட்டார்கள். பாயை மாற்றிக் கட்டுவார்கள். முன் முனை பின் முனை ஆகிவிடும். காற்று கூடினால் ஆட்கள் அந்தக் கழிகள் மேல் நடந்து வெளியே போய் நிற்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஐரோப்பியர்கள் இதைப் பார்த்து அதிசயித்து எழுதியிருக்கிறார்கள். 'ஒரு ஆள் காற்று', 'ரெண்டு ஆள் காற்று' என்று காற்றின் வலுவை ஆள் கணக்கில் அளந்ததையும் குறித்திருக்கிறார்கள். காற்றை மனுஷ எடையால் அளப்பது எவ்வளவு சரியான அளவை!

நம்ம பக்கமும் இதற்கு இணை உண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு அமைப்புகளைப் பற்றி 1920-ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். பாக் நீரிணைப் பகுதிப் படகுகளில் மிதவைக் கட்டை இல்லாமல், குறுக்கே ஒரு நீளப் பலகையை மட்டும் நீட்டி, அதன் மேல் ஆட்கள் உட்கார்ந்து சமன் செய்வதை அவர் பதிவு செய்திருக்கிறார். அதிராம்பட்டினம் பக்கத்து வத்தைகளில் இந்தப் பலகை வெகுகாலம் இருந்தது. காற்று கூடக்கூட ஆள் பலகையில் வெளியே நகர்வான், தணிந்தால் உள்ளே வருவான்.

கவனியுங்கள், இதில் யாரையும் எதனோடும் கட்டவில்லை. பாரம் போவது கைக்கு அல்ல, இடுப்புக்கும் தொடைக்கும், உட்காருகிற எலும்புக்கும். காற்று திடீரென்று நின்றால் ஆள் நகர வேண்டும், அவ்வளவுதான். கட்டு இல்லாததால் அவிழ்க்கவும் ஒன்றும் இல்லை.

1938: கயிற்றில் தொங்கியவர்கள்

உடம்பைக் கயிற்றில் தொங்கவிடுகிற யோசனை இங்கிலாந்தின் பந்தயப் படகுகளில் பிரபலமானது. 1938-ல் பீட்டர் ஸ்காட்டும் ஜான் விண்டரும் 'தண்டர் அண்ட் லைட்னிங்' என்ற சிறு படகில் ஒரு புதுமை செய்தார்கள். பாய்மரத்தின் மேல்பகுதியிலிருந்து ஒரு கம்பி வடம், படகோட்டி இடுப்பில் ஒரு பட்டை, பட்டையில் கொக்கி. கொக்கியை மாட்டிக்கொண்டு, படகு விளிம்பில் காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேல் நீட்டிவிடலாம். அந்த வருஷம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பையை அவர்கள் ஜெயித்தார்கள். அடுத்து நடந்ததுதான் வேடிக்கை: அந்த வகைப் படகுகளில் அந்த ஏற்பாட்டையே தடை செய்துவிட்டார்கள். ட்ரபீஸ் என்று பெயர் பெற்ற அது, போருக்குப் பிறகு வேறு வகைப் படகுகள் வழியாகத் திரும்பி வந்தது. இந்த பீட்டர் ஸ்காட் வேறு யாருமல்ல, தென்துருவப் பயணத்தில் உயிர்விட்ட கேப்டன் ஸ்காட்டின் மகன். பின்னாளில் பெரிய பறவையியலாளர்.

ட்ரபீஸில் ஒரு விஷயத்தை மனசில் வையுங்கள். அங்கே மனிதன் பாய்மரத்தில் தொங்குகிறான். மரம் படகில் உறுதியாக நிற்கிறது. அவன் கை விட்டாலும் மரம் விழாது.

மரமே ஆளின் கையில்

விண்ட்சர்ஃபிங்கில் இது தலைகீழ். பாய்மரம் பலகையில் ஒரு மூட்டு மேல் நிற்கிறது. எந்தப் பக்கமும் சாயும். நிமிர்த்திப் பிடிப்பது ஆளின் வேலை.

இதைக் கண்டுபிடித்தது யார் என்பதற்கே ஒரு கோர்ட் கதை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக்கும் ஹாயில் ஷ்வைட்ஸரும் 1968 மார்ச்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1970-ல் கிடைத்தது. ஆனால் பென்சில்வேனியாவின் நியூமன் டார்பி, பாய் வைத்த பலகையைப் பற்றி 1965 ஆகஸ்டிலேயே 'பாப்புலர் சயன்ஸ்' பத்திரிகையில் எழுதியிருந்தார். அதற்கும் முன்னால், 1958-ல், இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் தானே ஒன்று செய்து ஓட்டியிருந்தான். 1980-களில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பையனின் பலகையையும் டார்பியின் கட்டுரையையும் காரணம் காட்டி, அங்கே இருந்த காப்புரிமை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு கண்டுபிடிப்பு 'யாருக்கும் தோன்றக்கூடியதா இல்லையா' என்று சோதிக்க அந்தத் தீர்ப்பு வகுத்த முறை காப்புரிமைச் சட்டம் படிக்கிறவர்களுக்கு இன்றும் பாடம்.

இந்த மூன்று இடங்களிலும் ஹார்னஸ் கிடையாது. எல்லாம் கை பலம். மிதமான காற்றில், ஏரியில், சின்னக் குடாவில் ஓட்டுகிறவரை அது போதும். ஹவாய்த் தீவுகளின் வலுத்த காற்றுக்குப் பலகைகள் போய்ச் சேர்ந்தபோதுதான் கை தோற்றது. 1970-களின் நடுவில் அங்கே ஓட்டியவர்கள் பூமின் இரண்டு பக்கமும் தொய்வாக ஒரு கயிறு கட்டினார்கள். உடம்பில் ஒரு பட்டை, பட்டையில் ஒரு கொக்கி. கயிற்றைக் கொக்கியில் ஏந்திக்கொண்டு பின்னால் சாய்ந்தால் பாயின் இழுப்பு உடம்புக்கு வந்துவிடும். கை பிடிக்க வேண்டாம், திருப்பினால் போதும்.

இங்கேதான் மருமகனின் கேள்விக்கு முதல் பதில். ட்ரபீஸில் ஆள் மரத்தில் தொங்குகிறான் என்றேன். இங்கே மரம் ஆளில் தொங்குகிறது. ஆள் விழுந்தால் மரமும் பாயும் அவன் மேலேயே வரும். ஆகவே அந்தக் கொக்கி திறந்த கொக்கியாகத்தான் இருக்க வேண்டும். பூட்டு இல்லை, மரை இல்லை, நாக்கு இல்லை. கயிறு இறுகியிருக்கும் வரை தங்கும். உடம்பைப் பூம் பக்கம் ஒரு சாண் கொண்டுபோனால் கயிறு தொய்ந்து தானே விழும்.

பட்டை கீழே இறங்கிய கதை

முதலில் வந்தவை நெஞ்சுப் பட்டைகள். கொக்கி மார்புக்கு நேராக இருக்கும். மாட்டுவது சுலபம், ஆனால் இழுப்பு முழுவதும் மேல்முதுகில் விழுந்து, கீழ்முதுகை வில்லாக வளைக்கும். ரெண்டு மணி நேரம் ஓட்டினால் ராத்திரி படுக்க முடியாது. அப்புறம் ஒரு வகையில் கொக்கி இடுப்புக்கு இறங்கியது. அகலமான பட்டை, முதுகுக்கு அணை. இன்னொரு வகையில் இன்னும் கீழே போய், தொடைக்கு வார் போட்டு, நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காருகிற ஹார்னஸ் வந்தது. 1980-கள் முடிவதற்குள் நெஞ்சுப் பட்டை ஏறத்தாழ காணாமல் போய், இடுப்பு வகையும் இருக்கை வகையும்தான் மிஞ்சின. பாக் நீரிணையில் பலகைமேல் உட்கார்ந்தவர்கள் பாரத்தை எங்கே வைத்தார்களோ, அந்த இடத்துக்கே நவீன பட்டையும் வந்து சேர்ந்தது.

இதே காலத்தில் உயரத்தில் வேலை செய்கிறவர்களின் பட்டை வேறு திசையில் போனது. அவர்களுக்கு முதலில் இருந்தது வெறும் இடுப்பு பெல்ட். விழும்போது அந்த ஒற்றைப் பட்டை வயிற்றை அறுக்கும், முதுகை மடக்கும், சில சமயம் ஆளே நழுவிவிடுவான். அதனால் தோள், நெஞ்சு, தொடை எல்லாவற்றிலும் பாரத்தைப் பகிர்கிற முழு உடல் ஹார்னஸ் வந்தது. அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல் விழுவதைத் தடுக்க இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்தக்கூடாது என்றே விதி. அந்த ஹார்னஸில் கயிறு மாட்டும் வளையம் முதுகுப் பக்கம், தோள்பட்டைகளுக்கு நடுவே. கொக்கி எல்லாம் பூட்டுக் கொக்கி. தப்பித்தவறிக்கூட கழன்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் முழு நோக்கம்.

இரண்டும் ஒரே மாதிரி நைலான் பட்டை. ஆனால் ஒன்று, ஆயுளில் ஒரே ஒரு தடவை வரக்கூடிய அடியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளச் செய்தது. இன்னொன்று, மணிக்கணக்காக இழுக்கிற பாரத்தைத் தாங்கி, கேட்ட நொடியில் விட்டுவிடச் செய்தது. டவரில் பூட்டு உயிரைக் காப்பாற்றும். தண்ணீரில் அதே பூட்டு உயிரை எடுக்கும். மருமகன் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதான் மாமா, கழறவே இல்ல. நல்ல பெல்ட்டு அது" என்றான்.

ஜன்னல் கம்பிச் சோதனை

சிநேகிதனிடமிருந்து ஒரு இடுப்பு ஹார்னஸையும் ஒரு இருக்கை ஹார்னஸையும் இரவல் வாங்கி வரச் சொன்னேன். வீட்டு ஜன்னல் கம்பியில், பூம் இருக்க வேண்டிய தோள் உயரத்தில், ஒரு கயிற்றை வளையமாகக் கட்டினோம். கொக்கியில் மாட்டி, கையை விட்டுவிட்டு, பின்னால் சாய்ந்து ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். கடையில் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்ப்பதைவிட இது பத்து மடங்கு உண்மையைச் சொல்லும்.

மருமகன் ஒல்லி, இடுப்பு எலும்பு துருத்தாத உடம்பு. இடுப்பு ஹார்னஸ் மூன்றாவது நிமிஷமே மேலே ஏறி விலா எலும்பில் உட்கார்ந்துவிட்டது. வாரை இறுக்கினால் மூச்சு விட முடியவில்லை. கொக்கியைத் தாங்கும் இரும்புத் தண்டு, ஸ்ப்ரெடர் பார் என்பார்கள், அதன் முனைகளும் இடுப்பு எலும்பைக் குத்தின. அவன் வயிற்றுக்கு அது அகலம் அதிகம். இருக்கை வகை தொடை வாரினால் இழுத்துப் பிடிக்கப்பட்டு அசையாமல் நின்றது. கொக்கி தொப்புளுக்குக் கீழே இருந்ததால் முதுகு வளையாமல், உட்கார்ந்த மாதிரி சாய முடிந்தது. எடை குறைந்தவன் பெரிய பாயைச் சமாளிக்க இது உதவும்.

அப்படியென்றால் இடுப்பு வகை மட்டமா? இல்லை. அலைகளில் துள்ளி ஓட்டுகிறவர்கள் நொடிக்கொரு தடவை மாட்டிக் கழற்ற வேண்டும். உடம்பைச் சுதந்திரமாகத் திருப்ப வேண்டும். கொக்கி உயரமாக இருப்பது அவர்களுக்குத்தான் வசதி. உடம்பும் அதைத் தாங்கிப் பிடிக்கிற வாகில் இருக்க வேண்டும். (என்னையும் ஒரு தடவை மாட்டச் சொன்னான். என் தொப்பைக்குக் கீழே கொக்கி எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.)

பட்டை சரியாக அமைந்தாலும் கயிறு சரியில்லை என்றால் பிரயோஜனம் இல்லை. பொதுவான அளவு, கயிற்று வளையத்தில் முழங்கையை வைத்து முன்கையைப் பூம் பக்கம் மடக்கினால் பூம் மணிக்கட்டுப் பக்கம் வர வேண்டும். ரொம்பக் குட்டையாக இருந்தால் விழும்போது பாய் உங்களையும் சேர்த்துத் தூக்கி எறியும். கயிறு பூமில் எந்த இடத்தில் என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. மாட்டிக்கொண்டு ஓடும்போது பின்கை அதிகம் இழுபட்டால் கயிற்றைப் பின்னால் தள்ளுங்கள், முன்கை இழுபட்டால் முன்னால். ரெண்டு கையும் சும்மா இருக்கிற இடம் வந்தால் அதுதான் இடம்.

கடைசியாக ஒன்று செய்தோம். இருக்கை வகையில் கொக்கி கீழே இருப்பதால் கழற்ற முழங்காலை மடக்கிப் பூமை நோக்கி இடுப்பைக் கொண்டுபோக வேண்டும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது தடவை செய்யச் சொன்னேன். முதல் பத்துத் தடவை கை தானாகவே கயிற்றைத் தேடிப் போனது. மரையைத் திருகிப் பழகிய கை. முப்பதுக்குமேல் இடுப்பு முந்திக்கொண்டது. அதுவரை பால்காரர் ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இருக்கை ஹார்னஸ்தான் வாங்கினான். இரண்டு நிபந்தனை போட்டேன். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற நாளில், பின்னால் வர ஒரு வள்ளம் இல்லாமல் இறங்கக் கூடாது. எந்த ஹார்னஸும் காற்றின் திசையை மாற்றாது. டவர் பெல்ட்டைக் கடல் பக்கம் கொண்டே போகக் கூடாது; உப்புத்தண்ணீர் பட்ட பட்டையில் திங்கட்கிழமை அவன் டவரில் ஏற வேண்டும்.

இந்த வருஷம் சாரல் பிடித்ததும் போன் வந்தது. ஒரு மணி நேரம் ஓட்டினானாம், நாலு தடவை விழுந்தானாம். கொக்கி எப்படி என்று கேட்டேன்.

"அதை நான் கவனிக்கவே இல்லியே மாமா" என்றான். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவிடம் இனி அவனே சொல்லிக்கொள்ளட்டும்.